காரின் சைலன்சர் பழுதாவதை அறிவது எப்படி?

எஞ்சினிலிருந்து வெடிப்போசையுடன் வெளியேறும் புகை, சைலன்சருக்குள் உள்ள துளையிட்ட குழாய்களிலும் தடுப்பறைகளிலும் புகுந்து செல்லும்போது, ஒலியலைகள் ஒன்றோடொன்று மோதி வலுவிழப்பதால்தான் நமக்கு மெல்லிய உறுமல் மட்டும் கேட்கிறது.

சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரில் சைலன்சர் முழுதாகச் சூடேறாததால், அந்த ஈரம் அமிலம் கலந்த நீராக அடியில் தேங்கித் தகட்டை அரிக்கிறது. அதனால், குறைவாக ஓடிய கார் என்பது சைலன்சரைப் பொறுத்தவரை பெருமையல்ல. ஆனால், காலையில் புகைக்குழாயிலிருந்து சொட்டும் நாலு துளி தண்ணீரைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஓசை நாளுக்கு நாள் கரகரப்பாவது ஓட்டையின் முதல் அறிகுறி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டால், உள்தடுப்பு கழன்றிருக்கலாம். தாங்கும் ரப்பர் அறுந்திருக்கலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு குனிந்து, இணைப்புகளில் புகைக்கசிவைக் காட்டும் கரிப்படிவு உள்ளதா என்று பாருங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால், உறுதியான தகடு கணீரென்றும், அரித்த தகடு சொத்தென்றும் ஒலிக்கும். மேலாகப் படிந்த செந்துருவைப் பொருட்படுத்த வேண்டாம்.

சிறு ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாம். தகடே மெலிந்துவிட்டால் ஒட்டு நிற்காது, மாற்றுவதே மேல். காருக்குள் புகை நாற்றம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பட்டறைக்குச் செல்லுங்கள். அப்புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.