இடுக்கில் மாட்டிய ஃப்ளஷ் டேங்க்

எங்கள் பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்குக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைவதே பெரும்பாடு. ஸ்பேனர் திரும்பாது. அதனால் டேங்க் ஒழுகினால், எதையும் கழற்றும் முன் ஒழுக்கு எங்கே என்று பாருங்கள்.

முதலில் தண்ணீர் மட்டம். உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்புக்கு ஓர் அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மேலே வந்தால் மிதவையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். மட்டம் சரியாக இருந்தும் ஒழுகினால் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கினால், டேங்கின் அடியில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வாஷரில்தான் கோளாறு. போர் தண்ணீர் வீடுகளில் பெரும்பாலும் உப்புப் படிவம்தான். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தாலே சரியாகிவிடும். ரப்பர் விறைத்திருந்தால் புதிது வாங்குங்கள்.

டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் காலி செய்து, சீட் மூடியையும் சாத்திவிட்டுக் கழற்றுங்கள். ஒரு நட்டு கோப்பைக்குள் விழுந்து நான் பட்ட பாடு போதும். பின்பக்கம் தெரியாவிட்டால் ஃபோனை நுழைத்துப் படம் எடுங்கள். அப்புறம், பிளாஸ்டிக் நட்டுக்குக் கைமுறுக்கு போதும். ஸ்பேனரால் இறுக்கினால் விரிசல் விடும்.