நாவலுக்குள் கோட்பாட்டைக் கொண்டுவர ஒரு வழி

இனவெறி பற்றிய இளையோர் நாவலுக்குக் கட்டுரை எழுதுகிறீர்களா? கோட்பாட்டு விளக்கத்தில் ஆரம்பிக்காமல் ஒரே ஒரு காட்சியில் ஆரம்பியுங்கள். ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' (2017) நாவலையே எடுத்துக்கொள்வோம். 16 வயது கறுப்பினப் பெண் ஸ்டார், வெள்ளையர் நிறைந்த பள்ளியில் கொச்சைச் சொல் ஒன்றுகூட வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறாள்; வீட்டுப் பக்கம் வந்தால் வேறு பேச்சு. அந்த வரிகளை அடிக்கோடிடுங்கள். அப்புறம் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸின் 1903ஆம் ஆண்டு நூலில் உள்ள 'இரட்டை உணர்வு' கருத்தைப் பக்கத்தில் வையுங்கள்: தன்னையே பிறர் கண்ணால் பார்க்கும் நிலை. சரி, பொருந்துகிறது. பொருந்தாத இடத்தையும் தேடுங்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பனைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரரை ஸ்டார் பேட்ஜ் எண்ணால்தான் குறிப்பிடுகிறாள். இங்கே பார்க்கிறவள் அவள், பார்க்கப்படுகிறவர் அவர். கட்டுரையில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள்.