கடினமான யுகுலேலே சோலோவுக்கு இசைத்தாள் தெரிவு செய்வது எப்படி

தாளை முதல் வரியிலிருந்து பார்க்காதீர்கள். எந்த சோலோவிலும் முதல் நாலு பார் (தாளில் இரண்டு நெடுங்கோட்டுக்கு நடுவே உள்ள ஒரு தாளக் கட்டம்தான் பார்) சுகமாகத்தான் இருக்கும், மெட்டு அறிமுகமாகிற இடம் அது. கை திணறுகிற இரண்டு பார் இரண்டாம் பக்கத்தின் நடுவிலோ முடிவுக்குக் கொஞ்சம் முன்னாலோ இருக்கும். அந்த இரண்டு பாரைத் தேடிப் பிடித்து, அங்கே எந்த விரல் எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்குக் கம்பி பிரிக்கிற எந்தக் கட்டத்துக்கு, போகவேண்டும் என்று தாள் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் நல்ல தாள். சொல்லாவிட்டால், அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு தாள் தேடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவின் மகன் பின்னேரங்களில் கல்லடியிலிருந்து சைக்கிளில் வந்து என்னிடம் பழகுகிறவன். பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கோர்ட்ஸ் எல்லாம் நன்றாகப் பிடிப்பான், பாட்டுக்கு அடிப்பான், அப்புறம் பாடுகிற ஆள் இல்லாமலே மெட்டையும் துணையையும் நாலு கம்பியில் சேர்த்து வாசிக்க ஆசை வந்துவிட்டது. இணையத்தில் கிடைத்த ஒரு தாளை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மூன்று கிழமை இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினோம். ஃப்ரெட் எண்கள் சரி, விரல்கள் சரி, ஆனால் மெட்டு நடுநடுவே காரணமில்லாமல் மேலே தாவியது. "மாமா, நான் பிழையாப் பிடிக்கிறனோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் பிழை விடவே இல்லை. அந்தத் தாள் லோ ஜி கட்டின யுகுலேலேக்கு எழுதியது, எங்களிடம் இருந்தது ஹை ஜி, தாளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு பிள்ளை மூன்று கிழமையாகத் தன் காதையே நம்பாமல் இருந்தது எனக்கு இன்னும் மனவருத்தம்.

சரி, அது என்ன ஹை ஜி, லோ ஜி? சொப்ரானோ, கொன்சேர்ட், டெனர் மூன்றுக்கும் வழமையான சுருதி ஜி, சி, ஈ, ஏ. நாலாவது கம்பியான ஜி உங்கள் முகத்துக்குக் கிட்ட இருப்பது. கிட்டார் பழகினவர்கள் அது தடித்த ஒலி தரும் என்று எதிர்பார்ப்பார்கள், ஆனால் வழமையான யுகுலேலேயில் அது சி, ஈ இரண்டையும் விட உயர்ந்து ஒலிக்கும். அதுதான் ஹை ஜி. அதையே ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினால் லோ ஜி. கோர்ட்ஸ் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. சோலோவில் அந்தக் கம்பியில்தான் சில வேளை மெட்டே போகும், சில வேளை கீழ்ச் சுரமான பாஸ் போகும், ஆகவே மாறிக் கட்டினால் இசைத் துண்டே குலைந்துவிடும். பரிடோன் யுகுலேலே டி, ஜி, பி, ஈ என்று கட்டுவது, அதற்கு எழுதிய தாள் முற்றாக வேறு கதை.

தாளில் எழுதியிருக்காவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷனும், கம்பிக்கு ஒரு கோடு போட்டு ஃப்ரெட் எண் எழுதுகிற டேப்லேச்சரும் (சுருக்கமாக டேப்) மேலும் கீழுமாக அச்சிட்ட தாள் என்றால், டேப்பின் அடிக் கோடுதான் நாலாவது கம்பி. அதில் 0 என்று இருக்கிற ஓர் இடத்தைத் தேடுங்கள். பிறகு அதற்கு நேர் மேலே ஸ்டாஃபில் அந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழிருந்து இரண்டாவது கோட்டில், அதாவது வரியின் தொடக்கத்தில் இருக்கிற கிளெஃப் குறியின் சுருள் சுற்றி வருகிற அதே கோட்டில் இருந்தால் ஹை ஜி. ஸ்டாஃபுக்குக் கீழே இறங்கி இரண்டு குட்டிக் கோடுகளுக்கும் கீழே தொங்கினால் லோ ஜி. அரை நிமிட வேலை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்த மூன்று கிழமை மிஞ்சியிருக்கும்.

இதிலிருந்தே இன்னொன்று விளங்கும்: இரண்டும் சேர்ந்த தாளையே எடுங்கள். வெறும் டேப் கம்பியையும் ஃப்ரெட்டையும் சொல்லும், சுரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று பெரும்பாலும் சொல்லாது. வெறும் ஸ்டாஃப் சுரத்தையும் நேரத்தையும் சொல்லும், ஆனால் அதே சுரம் யுகுலேலேயில் இரண்டு மூன்று இடங்களில் கிடக்கும், எந்த இடம் என்று சொல்லாது. டேப் என்றால் படிக்கத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. காஸ்பார் சான்ஸ் என்ற ஸ்பானியக் கிட்டார் ஆசிரியர் 1674 இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் துண்டுகளை டேப்லேச்சரில்தான் கொடுத்தார், விரல் போகிற இடத்தைச் சொல்ல அதைவிடத் தெளிவான வழி இல்லை என்பதால்தான் அது இன்னும் நிலைத்து நிற்கிறது.

இனி ஹை ஜி வைத்திருக்கிறவர்களுக்கு. லோ ஜி தாள்தான் பெரிய ஆட்களுக்கு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஹை ஜியில் கம்பனெல்லா என்ற ஒரு முறை இருக்கிறது, இத்தாலிய மொழியில் சின்ன மணி என்று பொருள். அடுத்தடுத்த சுரங்களை ஒரே கம்பியில் வாசிக்காமல் கம்பி மாற்றி மாற்றி வாசிப்பது. முந்தின சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து சேரும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலாகத் தந்த அந்த யாழை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு, ஒன்றை மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது தன்பாட்டில் ஒலித்துக்கொண்டே இருக்கும். நாலே கம்பி உள்ள கருவியில் அந்த ஒலியைக் கொண்டுவருகிற வித்தைதான் கம்பனெல்லா. ஜோன் கிங் என்ற அமெரிக்கக் கலைஞர், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை இந்த முறையில் யுகுலேலேக்கு எழுதிக் காட்டியவர்.

கையில் கருவி இருந்தால் இப்போதே பாருங்கள். சியை சட்ஜமாக வைத்துக்கொண்டு க ம ப த நி ச வாசிக்கவேண்டும். நேர்வழி: இரண்டாம் கம்பியில் 0, 1, 3, பிறகு முதலாம் கம்பியில் 0, 2, 3. சுலபம், ஆனால் க, ம, ப மூன்றும் ஒரே கம்பி, ஒன்று வந்ததும் மற்றது செத்துவிடும். கம்பனெல்லாவில் க இரண்டாம் கம்பியில் 0, ம மூன்றாம் கம்பியில் 5, ப நாலாம் கம்பியில் 0, த இரண்டாம் கம்பியில் 5, நி நாலாம் கம்பியில் 4, மேல் ச முதலாம் கம்பியில் 3. ஒன்றன்பின் ஒன்றாக எந்தக் கம்பியும் இரண்டு தடவை வராது. பிடித்த விரலை அவசரப்பட்டு எடுக்காமல் மெதுவாக வாசியுங்கள். வாவி ஓரத்தில் இருந்து கேட்கிற கோயில் மணி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படியும்.

ஆகவே டேப்பில் எண்கள் கோடு விட்டுக் கோடு தாவிக் கிடந்தால் அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள், யோசித்து எழுதிய ஒருவரின் கைவேலை அது. மாறாக எண்கள் எல்லாம் மேல் இரண்டு கோட்டிலேயே குவிந்து, நாலாம் கம்பி சும்மா கிடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பியானோத் தாளை மென்பொருளில் போட்டு டேப்பாக மாற்றி எடுத்தது அப்படித்தான் இருக்கும், அதில் விரலைப் பற்றி யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

இப்போது அந்தத் திணறுகிற இரண்டு பாருக்கு வருவோம். முதலில் நீட்சி. ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டிய எண்களில் பெரியதையும் சிறியதையும் பாருங்கள், 0 கணக்கில் இல்லை. 3 உம் 7 உம் சேர்ந்து வந்தால் ஐந்து ஃப்ரெட்டுக்குக் கை விரியவேண்டும். சொப்ரானோவில் கம்பி ஒலிக்கிற நீளம், கழுத்து நுனியில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை, சுமார் 13 அங்குலம்தான், அங்கே இது ஆகும். டெனரில் சுமார் 17 அங்குலம், சின்னக் கை என்றால் கஷ்டம். ஆனால் பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே கோர்ட் பிடிக்கச் சொன்னால் கதை தலைகீழ், சொப்ரானோவில் விரல் வைக்க இடமே இராது. அப்படியே தாள் முழுவதிலும் வருகிற மிகப் பெரிய எண்ணையும் பார்த்துவிடுங்கள். 14 என்று எழுதியிருக்கிறது, உங்கள் சொப்ரானோவில் 12 ஃப்ரெட்தான் இருக்கிறது என்றால் பேச்சே இல்லை.

அடுத்தது நிறுத்திப் பிடிக்கிற சுரம். நல்ல தாளில் மெட்டுச் சுரங்களின் தண்டு (சுரக் குறியில் உள்ள நேர்க்கோடு) மேல்நோக்கியும் பாஸின் தண்டு கீழ்நோக்கியும் இருக்கும். கீழே இரண்டு தாள அடி நீள்கிற சுரம் ஒன்று, மேலே அரை அடி நீள்கிற சுரங்கள் நாலு என்றால், பாஸ் பிடித்த விரல் அந்த நாலும் முடியும்வரை அசையக்கூடாது. மற்ற மூன்று விரலும் மேலே உள்ளதை எட்டுமா என்று வெறும் கையால் பிடித்துப் பாருங்கள், வாசிக்கத் தேவையில்லை. எட்டாவிட்டால் அது உங்கள் கைக்குப் பொருந்தாத தாள். இந்த இடத்தில்தான் விரல் எண்கள் உதவும்: இடக்கைக்கு 1 முதல் 4, ஒரு விரலால் பல கம்பிகளை அமுக்குகிற பாரே பிடிக்கு ரோம எண். ஒவ்வொரு சுரத்துக்கும் எண் போட்ட தாள் கண்ணைக் குழப்பும். கடினமான இடத்தில் மட்டும் போட்டிருந்தால், எழுதினவர் தானே வாசித்துப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

விற்பனைக்கு வைக்கிறவர்கள் மாதிரியாக முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டுவார்கள். அப்படி என்றால் யுகுலேலேக்கு அதை எழுதினவரே வாசிக்கிற வீடியோ இருக்கிறதா என்று தேடி, பாதி வேகத்தில் ஓடவிட்டு இடக்கையை மட்டும் பாருங்கள். வீடியோவும் இல்லை, மற்றப் பக்கங்களும் இல்லை என்றால் நான் காசு கொடுக்கமாட்டேன். இடைநிலை, உயர்நிலை என்று போட்டிருப்பதையும் பெரிதாக எடுக்கவேண்டாம், ஒருவரின் இடைநிலை இன்னொருவரின் உயர்நிலை.

ஒரே துண்டுக்குப் பல தாள் இருந்தால் ஒரே நாலு பாரை எல்லாவற்றிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக் செலோ வாத்தியத்துக்கு எழுதிய துண்டுத் தொகுப்புகளில் (சூட்) முதலாவதில் வருகிற பிரெலூட் என்ற தொடக்கத் துண்டு நல்ல உதாரணம். 42 பார், பலரும் யுகுலேலேக்கு எழுதியிருக்கிறார்கள். செலோவில் அது இரண்டு ஸ்தாயிக்கு மேல் விரிகிறது, ஹை ஜி யுகுலேலேயில் 12 ஃப்ரெட்டுக்குள் கிடைப்பது இரண்டு ஸ்தாயிக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே யார் எழுதினாலும் சில சுரங்களை மடித்து, அதாவது ஸ்தாயி மாற்றி, மேலே கொண்டுவந்தே ஆகவேண்டும். எதை மடித்தார், எதை விட்டார் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. மூலத்தாள் பழைய இசைத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஐஎம்எஸ்எல்பி (IMSLP) இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதை எடுத்து ஒப்பிடுங்கள். பாக் இறந்தது 1750 இல், மூலம் எல்லோருக்கும் பொது. ஆனால் இன்றைக்கு ஒருவர் யுகுலேலேக்கு எழுதிய தாளுக்கு அவருக்கு உரிமை உண்டு, பிடித்திருந்தால் காசு கொடுத்தே வாங்குங்கள்.

முதல் கடினமான துண்டு எது என்று என்னைக் கேட்டால் மேலே சொன்ன சான்ஸின் கனாரியோஸ் என்பேன். அவருடைய ஐந்து சோடிக் கம்பிக் கிட்டாரிலும் கீழ்க் கம்பிகளை உயர்த்திக் கட்டுகிற வழக்கம் இருந்தது, அதனால் ஹை ஜிக்கு அது இயல்பாகப் பொருந்தும். தாளம் ஆறெட்டுக்கும் (6/8) முக்காலுக்கும் (3/4) மாறி மாறிப் போகும். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞா ஆட்ட இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஆறெட்டு ஆட்டம் புதிதில்லை, காலே தாளம் போடும். யுகுலேலேயின் தாய்க் கருவியும் 1879 இல் மடெய்ராத் தீவிலிருந்து ஹவாய்க்குப் போன போர்த்துக்கேயரோடு போனதுதான், அதனால் எனக்கு இந்தத் துண்டின்மேல் தனிப் பாசம்.

தாள் தெரிவாகிவிட்டது என்றால் பிரிண்ட். அமெரிக்காவிலிருந்து வருகிற தாள்கள் லெட்டர் அளவில் இருக்கும், நம்முடைய ஏ4 கொஞ்சம் ஒடுக்கமும் நீளமும். கடையில் பக்கத்துக்குப் பொருத்தி எடுக்கச் சொல்லாவிட்டால் ஓரத்து எண்கள் வெட்டுப்படும். ஒரு தாளில் இரண்டு பக்கம் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம், டேப்பில் 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். ஒற்றைப் பக்கமாக எடுத்து செலோடேப்பால் பக்கவாட்டில் ஒட்டி விரித்துவிட்டால் நடுவில் தாள் திருப்புகிற வேலை இல்லை.

மருமகன் இப்போது ஹை ஜிக்கென்றே எழுதிய கனாரியோஸ் தாள் ஒன்றோடு இருக்கிறான். கடினமான இரண்டு பாரைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டு, தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 அடியில் வைத்து, அதை மட்டும் ஆறு நாளாக வாசிக்கிறான். நேற்று அது முதல் தடவையாகத் தடங்காமல் வந்தது. "முதல் வரி எப்ப மாமா?" என்று கேட்டான். நாளைக்குத் தொடங்கலாம் என்றேன்.