ஸ்க்ரோல் சா வேலைக்குக் கடின மரங்கள்: பார்த்து அறிவதும் அறுப்பதும்

ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவான உருவங்களை அறுக்கும் இயந்திர ரம்பம்) பழகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த பிளேடு போடலாம் என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் பலகையின் வெட்டுமுகத்திலேயே, அதாவது நாரைக் குறுக்கே வெட்டிய முனையிலேயே இருக்கிறது. மரம் எது, அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் பிளேடும் வேகமும் தானாகவே முடிவாகும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: வெட்டுமுகத்தைப் படியுங்கள்

பலகையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து மரத்தைத் தீர்மானிக்காதீர்கள். வெயில், தூசி, பழைய பாலிஷ் எல்லாம் சேர்ந்து நிறத்தை மாற்றியிருக்கும். புது ரேஸர் பிளேடு ஒன்றால் பலகை முனையில் விரல் நகம் அளவுக்கு மெல்லிசாகச் சீவுங்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் தெரியும். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவை.

ஓக், ஆஷ் மரங்களில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். அதை அடுத்து மரம் நெருக்கமாகிவிடும். மேப்பிள், செர்ரி, பீச் மரங்களில் நுண்ணிய துளைகள் எங்கும் சீராகப் பரவியிருக்கும். வால்நட்டும் தேக்கும் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்: வளையத் தொடக்கத்தில் பெரிதாக இருந்து போகப்போகச் சிறுத்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிளேடு சந்திக்கப்போவது இந்தத் துளைகளைத்தான். ஓக்கில் அது மென்மையான வரி, கடினமான வரி என்று மாறி மாறிப் போக வேண்டும். வளைவில் திருப்பும்போது மென்மையான வரியோடு போகவே பார்க்கும், கோடு தவறும். மெல்லிய பாகமாக இருந்தால் அந்தத் துளை வரிசையிலேயே பிய்ந்துபோகும். நுணுக்கமான பூவேலைக்கு ஓக் வேண்டாம் என்பேன். பெரிய எழுத்துகள், தடித்த உருவங்கள் என்றால் அழகாக வரும்.

சிவப்பு ஓக்கா வெள்ளை ஓக்கா என்று சந்தேகமா? நார் நீளவாக்கில் ஓடும் ஒரு சிறு துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். சிவப்பு ஓக்கில் குமிழி கிளம்பும். வெள்ளை ஓக்கின் வைரத்தில் (மரத்தின் முற்றிய நடுப்பகுதியில்) குழாய்கள் அடைபட்டிருப்பதால் காற்று போகாது.

படி 2: நிறம், கனம்

வால்நட்டின் வைரம் சாக்லேட் பழுப்பு, ஓரத்து மரம் வெளிர் நிறம். மேப்பிள் பாலாடை நிறம். செர்ரி புதிதாக அறுத்தால் வெளிர் ரோஜா. வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாக முற்றும். பர்ப்பிள்ஹார்ட் அறுத்தவுடன் சாம்பல் கலந்த பழுப்பாக இருந்து பிறகு ஊதாவாகும். நாளடைவில் வெயில் பட்டு மறுபடி பழுப்புக்குப் போகும். படாக்கின் ஆரஞ்சுச் சிவப்பும் அப்படித்தான் மங்கும். பல மரங்களைச் சேர்த்து ஓவியம் செய்பவர்கள் இன்றைய நிறத்தை நம்பாமல், நாளைய நிறத்தை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடினத்தை ஜாங்கா அளவால் சொல்வார்கள். 11.28 மி.மீ. எஃகு உருண்டையைப் பாதி விட்டம் வரை மரத்துக்குள் அழுத்தத் தேவையான விசை அது. பாஸ்வுட் சுமார் 410 பவுண்டு, வால்நட் 1010, கடின மேப்பிள் 1450. முதல் கடின மரமாக வால்நட்டை எடுங்கள்: பிளேடுக்கு இணங்கும், எளிதில் கருகாது. மேப்பிள் அப்புறம்.

படி 3: நாரின் திசைக்கு வரைபடத்தைத் திருப்புங்கள்

ஒரு மானின் கால், ஒரு எழுத்தின் மெல்லிய இணைப்பு, இப்படி எது ஒல்லியோ அது நாரின் நீளத்தில் படுக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே 3 மி.மீ. இணைப்பு விட்டால் கையில் எடுக்கும்போதே உடையும். எல்லாப் பாகமும் ஒரே திசைக்கு வராது. உடையக்கூடியது எது என்று பார்த்து அதற்கு முதலிடம் கொடுங்கள்.

படி 4: ஒட்டி, மாட்டி, சரிபார்த்து

பலகை மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் வரைபடம், கடைசியாக ஒளி ஊடுருவும் பேக்கிங் டேப். செர்ரி, மேப்பிள் கருகுவதை அந்தக் கடைசி டேப் நன்றாகக் குறைக்கும். 6 மி.மீ. பலகைக்கு 1 முதல் 3 எண் பிளேடு, 18 மி.மீ. என்றால் 5 அல்லது 7, பர்ப்பிள்ஹார்ட் போன்ற மிகக் கடின மரங்களுக்கு 9 கூடப் போகலாம் (எண் கூடக்கூடப் பிளேடு பெரிது). பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். பிளேடைத் தட்டினால் தெளிவாக ஒலிக்கும் அளவு இறுக்கம் வேண்டும்.

மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க, கழிவுத் துண்டின் ஓரத்தில் பிளேடால் லேசாகக் கீறுங்கள். துண்டைக் கவிழ்க்காமல் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், அந்தக் கீறலில் பிளேடு வழுக்கி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் மேசை சாய்ந்திருக்கிறது.

படி 5: அறுங்கள்

மரத்தைத் தள்ளாதீர்கள். பிளேடு தின்னும் வேகத்துக்கு மட்டும் கொடுங்கள். பிளேடு பின்பக்கம் வளைந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பல பிளேடுகளில் ஒரு பக்க விளிம்பு சற்றுக் கூராக இருப்பதால் கோடு ஒரு பக்கமாக இழுக்கும். பலகையைச் சற்றுச் சாய்வாகப் பிடித்துக் கொடுத்தால் சரியாகும். புகை வாசனை வந்தால் இயந்திரத்தின் வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் பிளேடை மாற்றுங்கள். மூலையில் நின்று யோசிக்கும் நேரத்தில்தான் செர்ரி கருகும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். கூடுதலாகச் சில பிளேடுகள் பக்கத்தில் இருக்கட்டும்.

தூசி விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈட்டி மரம், படாக் ஆகியவற்றின் தூசி சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். என்95 முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் சேர்ந்தே வேண்டும்.

படி 6: முடிப்பு

பின்பக்கத்துப் பிசிறை 220 எண் உப்புத்தாளால் நாரின் திசையில் தேயுங்கள். தேக்கை ஒட்ட வேண்டியிருந்தால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து மேற்பரப்பு எண்ணெயை எடுத்துவிடுங்கள். எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காய வையுங்கள். ஆளி விதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றும்.