ஹாஸ்டல் மாணவர் பணக் கணக்கு: மெஸ் பில், வாரப் பணம், உதவித்தொகை

ஒண்ணாந்தேதி வீட்டுப் பணம் வந்ததும் கணக்கில் 7,000 ரூபாய் தெரியும். அதில் பாதி போன மாதமே சாப்பிட்டுத் தீர்ந்த பணம். மெஸ் பில் மாதம் முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான் நோட்டீஸ் போர்டுக்கு வரும், அதனால் அந்தக் கடன் கண்ணில் படாது. பணம் வரும் தேதி ஒன்று, கேட்கும் தேதி வேறு. ஹாஸ்டல் கணக்கு இடிக்கிற இடம் இதுதான்.

இது தமிழ்நாட்டில் டிவைடிங் மெஸ் உள்ள ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு. வங்கிக் கணக்கும் யூபிஐயும் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மெஸ் பில்லை நாள் கணக்குக்கு மாற்றுங்கள்

டிவைடிங் என்றால் மாதச் செலவு மொத்தத்தையும், எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. உதாரணத்துக்கு, செலவு 6,60,000 ரூபாய், சாப்பாட்டு நாட்கள் 5,500 என்றால் நாளுக்கு 120 ரூபாய். 30 நாள் இருந்தவருக்கு 3,600. உங்கள் மெஸ்ஸின் கடைசி மூன்று பில்களில் நாள் ரேட் என்ன என்று பாருங்கள். மூன்றில் பெரியதை எடுத்து 30-ஆல் பெருக்கி, வீட்டுப் பணம் வந்த அன்றே அதை ஒதுக்கிவிடுங்கள்.

சராசரியை எடுக்காமல் பெரியதை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொங்கல், தீபாவளி மாதங்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அரிசியும் காய்கறியும் ஆட்களுக்கு ஏற்பக் குறையும், சமையல்காரர் சம்பளம் குறையாது. அந்தச் சம்பளம் 1,50,000 என்றால், 5,500 நாட்களுக்குப் பிரிக்கும்போது நாளுக்கு 27 ரூபாய். 3,500 நாட்களுக்குப் பிரித்தால் 43. ரேட் 120-லிருந்து 136-க்கு ஏறிவிடும். ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே இருந்தவர் தலையில்தான் அது விழும்.

ஊருக்குப் போகிறவர்கள் ரிடக்‌ஷன் விதியை, அதாவது இல்லாத நாட்களுக்கு மெஸ் பில்லில் கழிக்கும் விதியை, தெரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து எத்தனை நாள் இல்லாவிட்டால் கழிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் கடிதம் கொடுக்க வேண்டும், இரண்டும் ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். திரும்பி வந்து கொடுக்கும் கடிதத்தைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். சனி, ஞாயிறு மட்டும் போய் வந்தால் பொதுவாக ரிடக்‌ஷன் கிடையாது. அந்தப் பயணத்தின் உண்மையான செலவு பஸ் டிக்கெட்டோடு இரண்டு நாள் மெஸ்ஸும் சேர்ந்தது.

படி 2: மிச்சத்தை வாரமாகப் பிரியுங்கள்

7,000-ல் மெஸ் 3,600 போக 3,400. பஸ், ஊர்ப் பயணம் 600, ரீசார்ஜ் 300, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, சோப்பு 500, செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்குச் சேமிப்பு 300. ஆக 1,700. மீதி 1,700 ரூபாய், நாளுக்குச் சுமார் 55, வாரத்துக்கு 385. டீ, பஃப்ஸ், சினிமா, பிறந்தநாள் பங்கு எல்லாம் இதற்குள்.

ரீசார்ஜை மாதச் செலவு என்று நினைப்பது ஒரு சின்னப் பொறி. 28 நாள் திட்டம் வருடத்துக்கு 13 முறை வரும்.

செலவு எழுதும் ஆப்களை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது வாரத்திலேயே எழுதுவது நின்றுவிடும். அதைவிட யூபிஐ லைட் நல்ல கருவி. சின்னத் தொகைகளைக் கொடுக்க, கணக்கிலிருந்து முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் பர்ஸ் மாதிரி அது, யூபிஐ ஆப்பிலேயே இருக்கும். ஞாயிறு இரவு 385 ரூபாயை லைட்டில் ஏற்றுங்கள், வாரம் முழுக்க அதிலிருந்து மட்டும் கொடுங்கள். திரையில் தெரியும் இருப்புதான் உங்கள் பட்ஜெட், தனியாக எழுத வேண்டியதில்லை. பாஸ்புக்கிலும் பத்து ரூபாய் டீ வரிசை வராது, ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக நிற்கும். ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 ரூபாய் என்பது உச்சவரம்பு. இருப்பு குறைந்ததும் தானாகப் பணம் ஏற்றும் ஆட்டோ டாப்-அப்பைக் கண்டிப்பாக அணைத்து வையுங்கள், அது ஓடினால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. பின் நம்பர் கேட்காது என்பதால் போனுக்குப் பூட்டு அவசியம்.

படி 3: உதவித்தொகை எந்த வங்கிக்குப் போகிறது?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கல்லூரி மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆதார் வழியாக வருகிறது. கல்லூரியில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்திருந்தாலும், ஆதார் எண்ணுக்கு நேராக என்பிசிஐ (யூபிஐயை நடத்தும் நிறுவனம்) பட்டியலில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும்.

வங்கியில் “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது” என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். லிங்க் என்பது உங்கள் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது. அதை எத்தனை வங்கியிலும் செய்யலாம். சீடிங் என்பது அரசுப் பணம் வருவதற்கான வங்கி என்று பட்டியலில் ஏறுவது. அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக்குத்தான் இருக்கும், கடைசியாக ஒப்புதல் கொடுத்த வங்கியே நிற்கும். ஆறாம் வகுப்பில் பள்ளியில் திறந்த கணக்கு ஒன்று, கல்லூரி வாசலில் மேசை போட்டுக் கைரேகை வாங்கித் திறந்த கணக்கு இன்னொன்று. இரண்டாவதில் படிக்காமல் டிக் அடித்த ஒப்புதலால் பணம் அங்கே திரும்பியிருக்கும்.

பார்க்கும் வழி: மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் திறக்கவும். வங்கியின் பெயரும் ஆக்டிவ் என்ற சொல்லும் சேர்ந்து தெரிய வேண்டும். இணையம் இல்லாவிட்டால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99*99*1# அடிக்கலாம். வேறு வங்கி தெரிந்தால், பணம் வேண்டிய வங்கியின் கிளையில் சீடிங் படிவம் கேட்டு வாங்குங்கள். பழைய வங்கியின் பெயரையும் அதில் எழுதவும். சில நாள் கழித்து மீண்டும் பாருங்கள், படிவம் கொடுத்ததோடு விட்டுவிடக் கூடாது.

சீடிங் சரி, பணம் மட்டும் வரவில்லையென்றால், கணக்கு உறங்கிக் கிடக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். மைனராகத் திறந்த கணக்குக்கு 18 வயதானதும் கேஒய்சியும் (அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுக் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். அடுத்து, கல்லூரியில் இந்தத் திட்டங்களைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் உங்கள் யுமிஸ் பதிவை (கல்லூரி மாணவர் விவரங்கள் இருக்கும் அரசுத் தளம்) பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம்: அந்த 1,000 ரூபாயை 7,000 கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு மாதம் வராமல் இருந்து மொத்தமாக வருவதும் உண்டு. வந்தால் தேர்வுக் கட்டணச் சேமிப்புக்குப் போகட்டும்.

ஏடிஎம்

சென்னையில் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஐந்து. இருப்பு பார்ப்பதும் எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. 200 ரூபாய் எடுக்க 23 ரூபாய் தருவது அபத்தம். பில் கட்டும் அன்று ஒரே முறையாக எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

போன் மாற்றும் முன் பழைய போனில் யூபிஐ லைட்டை முடக்குங்கள், மீதி கணக்குக்குத் திரும்பிவிடும். முடக்காமல் ஆப்பை அழித்தால் வங்கியைத் துரத்த வேண்டியிருக்கும்.

“உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று சீனியரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் சைபர் கிரைம் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கும். மெஸ்ஸுக்கு ஒதுக்கியது, உதவித்தொகை எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், விசாரணைக்கும் நீங்கள்தான் போக வேண்டும். நீங்களே பணத்தை ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஹாஸ்டலில் சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட்டின் அசல் ரசீதைப் போட்டோ எடுத்துவிட்டு, மார்க் ஷீட் ஃபைலிலேயே வையுங்கள். நாலு வருடம் கழித்துப் பணத்தைத் திருப்பித் தரும்போது அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.