ஆற்றங்கரை ஊருக்குப் போய் ஆற்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்: கலீனா வார இறுதிப் பயணத்தில் தவிர்க்க வேண்டியவை

இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது கலீனா. சுமார் 3,300 பேர் வாழும் சின்ன ஊர். மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பழைய செங்கல் கட்டடங்கள், வளைந்து போகும் ஒரு கடைத்தெரு, பக்கத்திலேயே மிசிசிப்பி ஆறு. சிகாகோ வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் "இரண்டு நாளுக்கு எங்கே போகலாம்" என்று பேச்சு எழுந்தால் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடும். போய்வந்தவர்களைக் கேட்டால், "ஒரே கடைத்தெருதாங்க, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்று அலுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது அந்தத் தெருவை மட்டும்தான் என்பது என் எண்ணம். இந்த ஊர் பிறந்ததும் செழித்ததும் சரிந்ததும் ஆற்றால். அந்த ஆற்றைத் தேடிப் போகாதவருக்கு இங்கே மிஞ்சுவது மெழுகுவத்திக் கடையும் மிட்டாய்க் கடையும்தான்.

கலீனாவில் மிசிசிப்பி இல்லை

முதல் ஏமாற்றம் இதுதான். அறை பதிவு செய்யும்போது "ஆற்றங்கரை ஊர்" என்று படித்துவிட்டு, ஜன்னலைத் திறந்தால் மிசிசிப்பி தெரியும் என்று நினைத்து வருகிறார்கள். ஊருக்குள் ஓடுவது கலீனா ஆறு. இன்றைக்கு அது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். மிசிசிப்பி அங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது.

ஆனால் இந்தச் சின்ன ஆற்றில் ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன. சுற்றியுள்ள மலைகளில் ஈயம் கிடைத்தது. ஐரோப்பியர்கள் வருமுன்பே சாக், மெஸ்க்வாக்கி மக்கள் அதைத் தோண்டி எடுத்துவந்தார்கள். 1820களில் வெளியார் கூட்டம் ஈயத்தைத் தேடி வந்து குவிந்தது. 1832இல் சாக் தலைவர் பிளாக் ஹாக்குக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த போரோடு அந்தப் பூர்வகுடிகள் இந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1840களில் நாட்டின் ஈயத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் கப்பலேறியது. ஈயத்தை உருக்க மரங்களை வெட்டினார்கள். மொட்டையான சரிவுகளிலிருந்து மண் அடித்துக்கொண்டு வந்து ஆற்றைத் தூர்த்துவிட்டது. சிகாகோவின் முதல் ரயில் நிறுவனம் 1836இல் உரிமம் பெற்றபோது கலீனாவின் பெயரைத்தான் முன்னால் போட்டுக்கொண்டது. அவ்வளவு மவுசு இருந்த ஊர் இது. ஆனால் அந்த நிறுவனத்தின் தண்டவாளம் கடைசிவரை கலீனாவை எட்டவில்லை. ஈயம் குறைந்தது, கப்பலும் நின்றது, ஊரில் புதிதாகக் கட்டடம் எழுப்பப் பணம் இல்லை. பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பியதற்கு முக்கியக் காரணம் அந்த ஏழ்மைதான்.

இதைத் தெரிந்துகொண்டு போனால், கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டுக்குள் நுழையும் வாயிலில் இருக்கும் பெரிய வெள்ளக் கதவுகள் கண்ணில் படும். எல்லோரும் அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். நின்று பார்ப்பவர் குறைவு. ஆறு பொங்கினால் சாலையையே மூடி, கரையோடு சேர்த்து ஊரைக் காக்கிற கதவுகள் அவை. அங்கே ஐந்து நிமிடம் நின்று, கரை எவ்வளவு உயரம், கடைகளின் தரை எவ்வளவு தாழ்வு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மிசிசிப்பியைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். ஊருக்குக் கிழக்கே ஹார்ஸ்ஷூ மவுண்ட் என்ற குன்றில் ஏறினால் இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். மாலை வெயிலில் போவது நல்லது. காஸ்பர் பிளஃப் என்ற இடம் ஆற்றை ஒட்டிய செங்குத்து மேட்டின் மேல் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகள் அங்கே உண்டு, ஒன்று சிறகு விரித்த பறவையின் உருவம். பிள்ளைகளை அந்த மேடுகளின் மேல் ஏறி ஓடவிடாதீர்கள். அவை ஒரு மக்கள்கூட்டத்தின் புனித இடம். இப்படிப்பட்ட மேடுகள் பலவற்றில் மனிதர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பாலம் தாண்டாமல் திரும்புவது

கலீனாவிலிருந்து அரை மணிக்குள் டுபியூக் வந்துவிடும். ஆற்றின் மறுகரை, அயோவா மாநிலம். இங்கே 2003இல் திறந்த மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகமும் மீன்காட்சியகமும் இருக்கின்றன; மழை நாளில் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டால் நேராக இங்கே போய்விடலாம். ஃபெனலான் பிளேஸ் எலிவேட்டர் என்ற குட்டி மலை ரயிலும் உண்டு. 296 அடி நீளப் பாதையில் 189 அடி உயரம் ஏறுகிறது. குளிர்காலத்தில் ஓடாது, கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டுபியூக்கில் நான் எல்லோரையும் போகச் சொல்வது ஈகிள் பாயிண்ட் பூங்காவுக்கு. பூங்காவின் மேட்டிலிருந்து குனிந்து பார்த்தால் 11ஆம் எண் அணையும் அதன் நீர்ப்பூட்டும் நேர் கீழே தெரியும். நீர்ப்பூட்டு என்பது, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளை அணை தாண்ட வைக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டி. மிசிசிப்பியில் சரக்கு ஏற்றிச் செல்பவை பார்ஜ் என்ற தட்டையான பெட்டிப் படகுகள். ஒவ்வொன்றும் 195 அடி நீளம், ஏறக்குறைய 1,500 டன் சுமக்கும். பதினைந்தை ஒன்றாகக் கம்பிவடத்தால் கட்டி, பின்னாலிருந்து ஒரே இழுவைக் கப்பல் தள்ளிக்கொண்டு வரும். நீர்ப்பூட்டின் நீளமோ 600 அடிதான். மொத்தமும் ஒரே தடவையில் உள்ளே நுழையாது. அதனால் முதல் ஒன்பதை உள்ளே விட்டு, வடத்தை அவிழ்த்துப் பிரித்து, கதவைச் சாத்தி, நீர்மட்டத்தை மாற்றி, அவற்றை வெளியே இழுத்து நிறுத்துகிறார்கள். பிறகு மீதி ஆறும் கப்பலும் உள்ளே வரும். மறுபடியும் கதவு, மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கட்டு. ஒரு கப்பல் கடந்து முடிக்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். சோளமும் சோயாவும் இப்படித்தான் படிப்படியாகத் தெற்கே இறங்கி நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போகின்றன. வட ஆற்றில் குளிர்காலம் முழுக்கச் சரக்குப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே பார்ஜ் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையிலோ இலையுதிர் காலத்திலோ வர வேண்டும். பத்து நிமிடத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இந்த இடம் பிடிபடாது. ஒரு தெர்மாஸில் காபியும் ஒரு பாயும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கஞ்சா இல்லினாயில் சட்டப்படி விற்பனையாகிறது. பாலத்துக்கு அப்பால் அயோவாவில் அது குற்றம், கூட்டாட்சிச் சட்டத்திலும் குற்றம். விசாவில் இருப்பவர்கள், நண்பர்கள் காரில் போகும்போது வண்டியில் கஞ்சா இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

எந்த மாதம் என்று யோசிக்காமல் கிளம்புவது

அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும்போது எல்லோரும் வருகிறார்கள். கொலம்பஸ் தின வார இறுதியில் ஊர்ச் சந்தையும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் மெயின் ஸ்ட்ரீட்டில் பார்க்கிங் தேடிச் சுற்றுவது வீண். ஆற்றின் மறுகரையில், பழைய ரயில் நிலையத்தருகே வண்டியை விட்டுவிட்டு நடைபாலத்தில் வந்துவிடுங்கள். அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தருவதும் இல்லை. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மே மாதமோ செப்டம்பர் தொடக்கமோ போதும். மலையும் ஆறும் அப்போதும் அங்கேதான் இருக்கும்.

வசந்தத்தில், அதாவது மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம்வரை, மினசோட்டாவில் உருகிய பனி மிசிசிப்பியில் இறங்கிவரும். 1965 ஏப்ரலில் வந்த வெள்ளத்தை டுபியூக் இன்றும் பேசுகிறது. அந்த நாட்களில் கரையோரச் சாலைகளும் முகாம் இடங்களும் மூடப்படலாம், படகுச் சவாரி நின்றுபோகலாம். கிளம்புமுன் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஜூன், ஜூலையில் வேறொரு விஷயம். மேஃப்ளை என்ற பூச்சி, நம் ஊரில் மழைக்குப் பிந்திய ஈசல்போல, ஒரே இரவில் கோடிக்கணக்கில் ஆற்றிலிருந்து கிளம்பும். சில இரவுகளில் வானிலை ரேடாரிலேயே மேகம்போலத் தெரியும். கடிக்காது, ஓரிரு நாளில் செத்துவிடும். கரையோர வீட்டில் தங்கினால் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். பாலத்தில் பூச்சிகள் குவிந்து கிடந்தால் டயர் வழுக்கும், மெதுவாகப் போங்கள். மருந்தடித்து விரட்டத் தேவையில்லை. ஆறு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

ஜனவரி, பிப்ரவரியில் அதிகம் பேர் வருவதில்லை, என்னைக் கேட்டால் அது பெரிய இழப்பு. ஆறு உறைந்து கிடக்கும்போது அணைகளுக்குக் கீழே மட்டும் தண்ணீர் உறையாமல் சுழலும். மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடுகின்றன. கரை மரங்களில் ஒரே கிளையில் பலவற்றை உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம். காரைவிட்டு இறங்காமல், ஜன்னல் வழியாகவே பாருங்கள். பறக்கடித்தால் அந்தக் குளிரில் அவற்றின் சக்தி வீணாகும்.

வீடு, மாடிப்படி, சாப்பாடு

"கலீனா" என்று விளம்பரம் செய்யும் வீடுகள் பலவும் ஊருக்குள் இல்லை. கலீனா டெரிட்டரி என்ற பெரிய விடுதிப் பகுதி ஊருக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, மலைச்சாலைகளுக்குள் இருக்கிறது. இருட்டிய பிறகு விளக்கில்லாத வளைவுகள், குறுக்கே ஓடும் மான்கள், பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு வரும் செல்ஃபோன் சிக்னல். வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்து வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போய்வரலாம் என்று திட்டமிடாதீர்கள். சமையலறை உள்ள வீடாக இருந்தால் அதுவே பெரிய வசதி.

பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கும் கோடையில் இங்கே அழைத்துப் போகிறவர்கள் பலர். பழைய மாளிகைகளில் நடக்கும் தங்கும் விடுதிகள் படத்தில் அழகாக இருக்கும். பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. சிறு பிள்ளைகளைச் சேர்க்காத விடுதிகளும் உண்டு. கடைத்தெருவிலிருந்து மேல் தெருக்களுக்குப் போவதே படிக்கட்டு வழியாகத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஊரைச் சுற்றிக் காட்டும் டிராலி வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சூப்பில் கோழிச் சாறு, பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு எல்லாம் சாதாரணம். சிற்றூர்ச் சமையலறைகள் சீக்கிரமே மூடிவிடும். புளிசாதம் கட்டிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை.

கிராண்ட் வீட்டை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவது

யுலிசிஸ் கிராண்ட் 1860இல் இங்கே வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. செய்த வேலைகள் எதிலும் உருப்படாமல், அப்பாவின் தோல் கடையில் தம்பிகளோடு வேலைக்குச் சேர்ந்தவர். மறு ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனார். 1865இல் வெற்றித் தளபதியாகத் திரும்பியவருக்கு ஊர்க்காரர்கள் ஒரு வீட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1868இல் அவர் அதிபராகத் தேர்வானார். அந்த வீடு இப்போது மாநில நினைவிடம். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள்.

அதோடு நிற்காமல் பழைய தபால் நிலையத்தையும் பாருங்கள். 1850களின் இறுதியில் அதன் கட்டுமானத்தை மேற்பார்த்த பொறியாளர் ஈலி பார்க்கர், செனெக்கா என்ற பூர்வகுடி இனத்தவர். கிராண்டுக்கு இங்கேதான் நண்பரானார். 1865இல் தென் மாநிலங்களின் தளபதி லீ கிராண்டிடம் சரணடைந்தபோது, சரணாகதி நிபந்தனைகளின் படியை எழுதியவர் அவர்தான். அந்தக் கட்டடத்தில் இன்றும் தபால் வேலை நடக்கிறது.

தண்ணீரில் இறங்கும் முன்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மிசிசிப்பி மேலே அமைதியாகத் தெரியும்; அடியில் இழுப்பு பலமானது. மணல்திட்டில் பிள்ளைகள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், இரண்டடி தள்ளித் தரை சரேலென இறங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நீரோட்டத்தைத் திருப்பக் கட்டிய கல்வரிசைகள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கின்றன. பார்ஜ் வரிசை சட்டென்று நிற்காது. நேர் முன்னால் இருக்கும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு அதன் மாலுமிக்குத் தெரியவும் தெரியாது. நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். கயாக் ஆசைப்படுகிற புதியவர்களுக்குக் கலீனா ஆறே பொருத்தம். அதேபோல், தண்டவாளத்தில் நின்று குடும்பப் படம் எடுக்காதீர்கள். கரையோரப் பாதைகளில் சரக்கு ரயில்கள் இரவும் பகலும் ஓடுகின்றன.

வந்த வழியே திரும்புவது

வரும்போது 20ஆம் எண் நெடுஞ்சாலைதான் சரி. ஸ்டாக்டன் தாண்டியதும் சோளக்காட்டுச் சமவெளி முடிந்து மலைகள் தொடங்கும். பனியாறுகள் நசுக்காமல் விட்டுவைத்த நிலம் இது. இந்த மாற்றத்தைப் பகலில் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து இருட்டில் வந்தால் தெரியாது. திரும்பும்போது 84ஆம் எண் சாலையில் தெற்கே இறங்குங்கள். சவானாவுக்கு அருகில் மிசிசிப்பி பாலிசேட்ஸ் பூங்காவில், பாறை விளிம்பிலிருந்து ஆற்றின் தீவுகளும் கிளைகளும் விரிந்து தெரியும். விளிம்புகளில் தடுப்பைத் தாண்டாதீர்கள். அதற்கும் தெற்கே ஃபுல்டனில் 13ஆம் எண் அணை, கரைமேல் ஒரு டச்சுக் காற்றாலை. அங்கிருந்து 30ஆம் எண் சாலை வழியாக 88ஆம் எண் விரைவுச்சாலையைப் பிடித்துவிடலாம். அரோரா, நேப்பர்வில் போன்ற சிகாகோவின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. காலை பத்து மணிக்குள் கலீனாவை விட்டுக் கிளம்பினால் இரண்டு இடத்திலும் நின்று பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேரலாம்.