நகரச் சூட்டைக் குறைக்க விதி போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தது. அந்த ஊர் அடங்கிய மாரிகோபா கவுன்டியில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். வெப்பத்தைக் கவனிக்க நகராட்சி 2021லேயே தனி அலுவலகம் திறந்திருந்தது. ஃபீனிக்ஸும், இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் டூசானும் செய்துபார்த்தவற்றில் மற்ற ஊர்களுக்குப் பாடம் நிறைய உண்டு.

பலரும் சறுக்கும் இடம், எதை அளப்பது என்பதில். ஃபீனிக்ஸ் 2020இல் தார்ச்சாலைகள் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர்சாம்பல் பூச்சு அடிக்க ஆரம்பித்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அளந்து பார்த்தபோது, நண்பகலிலும் பிற்பகலிலும் சாலையின் மேற்பரப்பு சாதாரணத் தாரைவிட 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைவாக இருந்தது. படம் போட்டுப் பெருமைப்பட நல்ல எண்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: திருப்பி அனுப்பப்பட்ட வெயில் எங்கே போகும்? நடந்து போகிறவர் மேல்தான். உச்சிவேளையில் அந்தச் சாலையில் நிற்கும் உடம்பு உணரும் கதிர்வீச்சு வெப்பம் சுமார் 3 டிகிரி கூடியது. ராத்திரிக் காற்றின் சூடு குறைந்தது, அதுவும் அரை டிகிரிக்கும் கீழே. ஆக, பூச்சு பயனற்றது என்று சொல்ல முடியாது; ஆளில்லாத வாகன நிறுத்தத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் பொருந்தும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால்தான் தப்பு. அங்கே வேண்டியது நிழல்.

நிழல் என்றால் மரம். ஃபீனிக்ஸ் 2010இல் ஒரு திட்டம் போட்டு, 2030க்குள் நகரில் 25 சதவீதம் மர நிழல் என்று இலக்கு வைத்தது. இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. எண்ணிக்கையை எழுதுவது சுலபம், தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதுவதுதான் கஷ்டம். இந்த விஷயத்தில் டூசான் கெட்டிக்கார ஊர். புதிய வணிகக் கட்டடங்கள் தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீரில் பாதியை மழைநீரிலிருந்தே எடுக்க வேண்டும் என்று 2008இல் விதி கொண்டுவந்தது. சாலையோரக் கல்லில் வெட்டு விட்டு, தெருவில் ஓடும் மழைத் தண்ணீரை மரக்குழிக்குத் திருப்பிவிடவும் அங்கே அனுமதி உண்டு. சரி, அதை அப்படியே ஃபீனிக்ஸில் நகலெடுக்கலாமா? கூடாது. ஃபீனிக்ஸில் பெய்யும் மழை டூசானைவிடக் கணிசமாகக் குறைவு. பக்கத்து ஊர் என்பதற்காக மழையும் ஒன்றாகிவிடாது.

அப்புறம் குளிர் மையங்கள், அதாவது வெயிலுக்கு ஒதுங்க மக்களுக்குத் திறந்துவிடும் குளிரூட்டிய இடங்கள். மாலை ஐந்து மணிக்கும் வார இறுதியிலும் பூட்டிவிட்டால், வீடில்லாதவர் ராத்திரி எங்கே போவார்? கான்கிரீட் நகரில் நள்ளிரவிலும் சூடு அடங்குவதில்லை. 2024இல்தான் ஃபீனிக்ஸ் சில மையங்களை இரவு முழுக்கத் திறந்து வைத்தது.

ஏசி இருக்கிறது என்பதால் வீட்டில் இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. மாரிகோபாவில் வீட்டுக்குள் வெப்பத்தால் இறந்தவர்களில் பலரது வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை. அதனால்தான் ஃபீனிக்ஸ் விதி ஏசி பொருத்தியிருக்கிறதா என்று கேட்பதோடு நிற்பதில்லை. வாடகை வீட்டில் அது அறையை 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்கிறது.

கடைசியாக, செய்தித் தலைப்பை மட்டும் படித்து விதியைப் பாராட்டிவிடாதீர்கள். 2024 மார்ச்சில் ஃபீனிக்ஸ் நகர மன்றம் வெயிலில் உழைப்பவர்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு கட்டாயம் என்று சட்டம் போட்டது. அது பொருந்துவது நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டவர்களின் ஆட்களுக்கு மட்டும். பக்கத்து மனையில் தனியார் வீடு கட்டும் கொத்தனார் அதற்குள் வரமாட்டார்.